ஹாம்ப்டன் பேஸ், 1974: ஒரு பிளக் பாயிண்ட் இணைப்பும் ஆர்க் ஃபால்ட் பிரேக்கரும்

நிகழ்வு

1974 ஏப்ரல் 28 அன்று, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டின் கிழக்குப் பக்கம் இருக்கும் ஹாம்ப்டன் பேஸ் என்ற ஊரில் ஒரு வீடு தீப்பிடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஒரு பிளக் பாயிண்டில் அலுமினிய வயர் சேரும் இடத்தில் இணைப்பு கெட்டதே காரணம் என்று தீயணைப்பு அதிகாரிகள் முடிவு செய்தார்கள்.

1973-ல் வேலையைத் தொடங்கிய அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அலுமினிய வயரிங்கைத் தீவிரமாக ஆராய்ந்தது. வீட்டுக்காரர்களுக்காக அது வெளியிட்ட கையேட்டில் இந்தத் தீவிபத்து இன்றும் எடுத்துக்காட்டாக இருக்கிறது. இந்த ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. வயரில் ஆர்க் என்ற மின்பொறி எழுந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்க் ஃபால்ட் பிரேக்கர் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்ற இரண்டுமே இந்த ஒரு இணைப்பில் தெரிந்துவிடும். இந்தக் கருவியை விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள். வாங்கி மாட்டுகிறவர் இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்குருவுக்கு அடியில் நடப்பது

1960-களின் நடுவில் செம்பு விலை ஏறியது. 1965-க்கும் 1973-க்கும் இடையில் அமெரிக்காவில் சுமார் 20 லட்சம் வீடுகளுக்கு அலுமினிய வயர் இழுத்தார்கள். கணக்கில் தவறு இல்லை. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் ஏறக்குறைய 61 சதவீதம் என்பதால் ஒரு சைஸ் பெரிய வயரைப் போட்டார்கள். 15 ஆம்பியர் சர்க்யூட்டுக்குச் செம்பில் 14 கேஜ் போடும் இடத்தில் அலுமினியத்தில் 12 கேஜ், 20 ஆம்பியருக்கு 12-க்குப் பதில் 10 (கேஜ் எண் குறைந்தால் வயரின் பருமன் கூடும்). சுவருக்குள் ஓடும் வயர் சூடாகவில்லை. வயரின் முனைகளில்தான் சிக்கல் வந்தது.

அலுமினியத்தைச் சுரண்டிய அந்தக் கணமே அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஸ்குருவை நன்றாக இறுக்கினால் படலம் கிழிந்து உலோகமும் உலோகமும் தொடும், இணைப்பு வேலை செய்யும். ஆனால் அழுத்தத்தில் இருக்கும் அலுமினியம் நாளாக நாளாக மெல்லப் பிதுங்கி விலகும். அக்காலத்து அலுமினியத்தில் இந்தக் குணம் அதிகம். இதோடு, பல பிளக் பாயிண்ட்களில் பித்தளை ஸ்குருவுக்குப் பதில் இரும்பு ஸ்குரு வந்திருந்தது. ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஒரு மீட்டர் அலுமினியம் 23 மைக்ரோமீட்டர் விரியும். இரும்பு 12 மட்டுமே. ஹீட்டர் ஓடும்போது வயர் விரிகிறது, ஸ்குரு அவ்வளவு விரிவதில்லை, வயர் நசுங்குகிறது. ஹீட்டரை நிறுத்தியதும் வயர் சுருங்குகிறது, ஆனால் நசுங்கிய இடம் பழைய பருமனுக்குத் திரும்புவதில்லை. அங்கே மயிரிழை இடைவெளி விழுகிறது. காற்று புகுந்து புது ஆக்சைடு படர்கிறது. மறுநாள் ஹீட்டர் போட்டால் தொடும் பரப்பு குறைந்திருக்கும், தடை கூடியிருக்கும், சூடும் கூடும். இப்படியே பல வருஷங்கள் ஓடும்.

இதன் கடைசிக் கட்டத்தை அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் பணியகம் 1977-ல் ஆய்வகத்தில் அளந்து பதிவு செய்தது. லூஸான இணைப்பு ஒன்று நெருப்புத் துண்டு போலச் சிவந்து ஒளிரத் தொடங்கும். சர்க்யூட்டில் 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 35 வாட் வரை வெப்பம் வெளியானது. 0.8 ஆம்பியரிலேயே 5 வாட் வந்தது. 0.8 ஆம்பியர் என்பது அமெரிக்காவின் 120 வோல்ட்டில் நூறு வாட் பல்பு ஒன்று இழுக்கும் கரண்ட். இது அலுமினியத்துக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. இரும்பு ஸ்குருவுக்கு அடியில் செம்பு வயர் லூஸாக இருந்தாலும் இப்படிச் சிவக்கும்.

35 வாட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சால்டரிங் அயர்ன் ஒன்றின் சக்தி ஏறக்குறைய அவ்வளவுதான். 35-ஐ 15-ஆல் வகுத்தால் 2.3 வோல்ட். அதாவது அந்த இணைப்பில் இழப்பது 120 வோல்ட்டில் 2 சதவீதத்துக்கும் குறைவு. விளக்கு மங்காது, டிவி நிற்காது. சுவர்ப் பெட்டிக்குள், பிளாஸ்டிக்குக்கும் மரத்துக்கும் நடுவில், ஒரு சால்டரிங் அயர்ன் மணிக்கணக்கில் எரிந்துகொண்டிருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

பிரேக்கருக்கு ஏன் தெரியவில்லை

வீடுகளில் இருக்கும் சாதாரணப் பிரேக்கரான எம்.சி.பி. கவனிப்பது கரண்ட்டின் அளவை மட்டும்தான். உள்ளே ஒரு இரட்டை உலோகப் பட்டையும் ஒரு காந்தச் சுருளும் இருக்கின்றன. ஓவர்லோடு நீடித்தால் பட்டை வளைந்து சப்ளையைத் துண்டிக்கும், அதாவது ட்ரிப் செய்யும்; ஷார்ட் சர்க்யூட் ஆனால் சுருள் உடனே இழுக்கும். நம் ஊர் 16 ஆம்பியர் சி-வகை எம்.சி.பி.யை எடுத்துக்கொண்டால், 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் ஓடினாலும் ட்ரிப் ஆகக் கூடாது என்பதே அதன் தரவிதி. அது நொடியில் விழ வேண்டுமானால் 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய வேண்டும். சிவந்து எரியும் இணைப்போ கரண்ட்டைக் கூட்டுவதில்லை. தடை கூடுவதால் கரண்ட் துளி குறையத்தான் செய்கிறது.

எர்த் லீக்கேஜைப் பிடிக்கும் கருவியான ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் கரண்ட்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்ட்டையும் ஒப்பிடும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் விழும். ஒரே வயரில் இருக்கும் லூஸ் கான்டாக்ட்டில் போனதெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. அதனால் இதற்கும் தெரியாது. 1977 ஆய்வு சொன்னதும் இதுதான்: இப்படிச் சிவந்த இணைப்பால் ஃபியூஸ் போகாது, பிரேக்கர் விழாது, எர்த் லீக்கேஜ் கருவியும் இயங்காது.

சிவந்த இணைப்பு ஒன்று, ஆர்க் வேறொன்று. கடத்திகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மின்சாரம் தாண்டிப் பாய்வது ஆர்க். அதன் வெப்பம் ஆயிரக்கணக்கான டிகிரி. இதிலும் இரண்டு வகை. ஒரே வயர் அறுந்தோ லூஸாகவோ இருந்து, அந்த இடைவெளியில் பொறி பறந்தால் அது தொடர் ஆர்க். அப்போது ஓடும் கரண்ட்டை மாட்டியிருக்கும் லோடுதான் தீர்மானிக்கும். ஹீட்டர் 8 ஆம்பியர் இழுத்தால் ஆர்க்கிலும் அதிகபட்சம் 8 ஆம்பியர்தான். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, அல்லது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பாய்ந்தால் அது இணை ஆர்க். கட்டில் கால் ஏறி நசுங்கிய எக்ஸ்டென்ஷன் வயர், ஆணி துளைத்த கேபிள், எலி கடித்த வயர் ஆகியவற்றில் வருவது பெரும்பாலும் இதுதான். நூறு ஆம்பியரைத் தொட்டாலும் அது விட்டுவிட்டு வரும். ஏ.சி. மின்சாரத்தின் ஒரு அரைச் சுற்றில் பாய்ந்து அடுத்த மூன்றில் நின்றுவிடும். சராசரி குறைவாக இருப்பதால் பட்டை சூடாகாது, உச்சம் போதாததால் காந்தச் சுருளும் இழுக்காது.

கருவி பிறந்த கதை

இந்த ஓட்டையை அடைக்க நுகர்வோர் ஆணையம் அமெரிக்காவின் சோதனை நிறுவனமான யூ.எல்.-இடம் ஆய்வு செய்யச் சொன்னது. 1995-ல் வந்த அறிக்கை, ஆர்க்கைக் கண்டுபிடிக்கும் மின்னணுப் பிரேக்கரே நம்பிக்கை தரும் வழி என்று காட்டியது. 1999-ல் யூ.எல். 1699 என்ற தரநிலை வெளியானது. அதே ஆண்டு அமெரிக்க தேசிய மின் விதித்தொகுப்பு, படுக்கையறை பிளக் பாயிண்ட்களுக்கு இந்தப் பிரேக்கர் வேண்டும் என்று எழுதி, 2002 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. படுக்கையறையில் தொடங்கியது சரியான முடிவு என்றே சொல்வோம். எக்ஸ்டென்ஷன் வயர் கட்டிலுக்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில் ஒளிந்திருப்பதும், ஆள் தூங்கிக்கொண்டிருப்பதும் அங்கேதான்.

முதலில் வந்த வகையை இணை ஆர்க்குக்காகவே செய்திருந்தார்கள். அது 75 ஆம்பியரும் அதற்கு மேலும் பாயும் ஆர்க்கைப் பிடித்தது. தொடர் ஆர்க்கைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. இரண்டையும் பிடிக்கும் கூட்டு வகையை 2005 விதித்தொகுப்பு கேட்டது. அது 2008 ஜனவரி முதல் கட்டாயமானது. தொடர் ஆர்க்கில் அதன் கீழ்வரம்பு 5 ஆம்பியர். 2008 பதிப்பில் ஹால், சாப்பாட்டு அறை போன்றவையும், 2014-ல் சமையலறையும் துணி துவைக்கும் இடமும் சேர்ந்தன. பழைய அமெரிக்க வீட்டில் இந்தப் பிரேக்கர் இருந்தாலும் அது எந்த வகை என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். முதல் வகை இருந்தால் அதிலிருந்து பாதிப் பாதுகாப்புதான் கிடைக்கும்.

உள்ளே இருக்கும் சின்ன சிப் கரண்ட்டின் அளவோடு அதன் வடிவத்தையும் படிக்கிறது. ஏ.சி. ஒவ்வொரு அரைச் சுற்றின் முடிவிலும் பூஜ்யத்தைத் தாண்டும். ஆர்க் அந்த இடத்தில் அணைந்து, வோல்டேஜ் மறுபடி ஏறிய பிறகே பற்றும். அதனால் பூஜ்யத்தின் இரு பக்கமும் கரண்ட் அலை தட்டையாகக் கிடக்கும். ஆர்க் எரியும்போது பல அதிர்வெண்களில் இரைச்சல் எழும். அலைக்கு அலை வடிவமும் மாறும். தட்டையான தோள், இரைச்சல், ஒழுங்கின்மை என்ற இந்த மூன்றும் ஒன்றாகச் சில சுற்றுகள் நீடித்தால் சிப் ட்ரிப் சுருளுக்கு ஆணை கொடுக்கும். சுவிட்ச் போடும்போது எழும் பொறியும் ஆர்க்தான்; மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷிலும் ஆர்க் உண்டு. முன்னது ஒரே தடவையோடு முடிந்துவிடும். பின்னது சீராகத் திரும்பத் திரும்ப வரும். இவற்றைக் கெட்ட ஆர்க்கிலிருந்து பிரித்துப் பார்ப்பதில்தான் கருவியின் தரம் வெளிப்படும்.

அந்த இணைப்பில் இந்தப் பிரேக்கர் இருந்திருந்தால்

மேலே விவரித்த வகை இணைப்பின் முன்னால் இன்றைய கூட்டு வகைப் பிரேக்கர் இருப்பதாக வைத்துப் பார்ப்போம்.

முதல் கட்டம் ஸ்குருவுக்கு அடியில் தடை மெல்ல ஏறும் காலம். பிரேக்கருக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் ஆர்க் இல்லை. அடுத்து இணைப்பு சிவக்கிறது. இப்போதும் பெரும்பாலும் தெரியாது. சிவந்த ஆக்சைடு வழியாக மின்சாரம் அறுபடாமல் ஓடுவதால் ஆர்க்குக்கு உரிய வடிவம் அலையில் அழுத்தமாக விழுவதில்லை. பிளக்கை ஆட்டும்போது, லாரி போய்ச் சுவர் அதிரும்போது, இணைப்பு ஒரு கணம் பிரிந்து பொறி பறக்கலாம். அப்போது 5 ஆம்பியருக்கு மேல் லோடு இருந்து, பொறியும் போதிய நேரம் நீடித்தால் பிடிக்கும். லோடு ஒரு மேசை விளக்கு மட்டும் என்றால் பிடிக்க வேண்டிய கடமை அதற்கு இல்லை.

மூன்றாம் கட்டம் வேறு. வெப்பத்தில் வயரின் மேலுறை கருகிக் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்கோ எர்த்துக்கோ அந்தக் கரி வழியே ஆர்க் ஊர்கிறது. இங்கே ஆர்க் ஃபால்ட் பிரேக்கர் நிச்சயமாகப் பயன்படும். யூ.எல். சோதனையிலேயே கேபிளின் மேலுறையை வேண்டுமென்றே கரியாக்கி அதன் வழியே ஆர்க் விட்டுப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் வந்த பல மாடல்களில் 30 முதல் 50 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜைப் பார்க்கும் பகுதியும் சேர்ந்திருந்தது. கரி வழியே எர்த்துக்குக் கசிவு தொடங்கிய உடனே, ஆர்க் முற்றுவதற்கு முன்னால், அது விழுந்துவிடும். தரநிலை கேட்காத இந்தப் பகுதியைப் பின்னால் சில தயாரிப்பாளர்கள் எடுத்துவிட்டார்கள். லூஸ் கான்டாக்ட் தீயைப் பொறுத்தவரை இது பின்னடைவு என்பது எங்கள் கருத்து.

ஆக, இந்த வகைத் தீயில் இந்தப் பிரேக்கர் கடைசிக் கட்டத்துக் காவல். கரியாகும் முன்பே பக்கத்து மரம் பற்றிக்கொண்டால் அதற்கு வேலையே வராது. நசுங்கிய எக்ஸ்டென்ஷன் வயரிலும் ஆணி துளைத்த கேபிளிலும் நிலைமை நேர்மாறு: அங்கே முதல் பொறியே ஆர்க் என்பதால் பிரேக்கர் முதல் ஆளாக நிற்கும். வீட்டில் எந்த ஆபத்து இருக்கிறது என்று பார்க்காமல் பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியான டி.பி.யில் இதை மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது தவறு. லூஸ் கான்டாக்ட்டுக்கு மருந்து அந்த இணைப்பிலேயே இருக்கிறது.

ஆணையம் சொன்ன பழுதுநீக்கம்

ஃபிராங்க்ளின் ஆராய்ச்சி நிறுவனம் ஆணையத்துக்காக நடத்திய கணக்கெடுப்பில், 1972-க்கு முன் தயாரான அலுமினிய வயர் ஓடும் வீட்டில் குறைந்தது ஒரு பிளக் பாயிண்ட் இணைப்பாவது தீ அபாய நிலையை எட்டும் வாய்ப்பு, செம்பு வயரிங் வீட்டைவிட 55 மடங்கு என்று தெரிந்தது. தீ அபாய நிலை என்றால் மூடித்தகட்டு ஸ்குரு 149 டிகிரி செல்சியஸ் எட்டுவது, பொறி பறப்பது, சுற்றியுள்ள பொருள் கருகுவது ஆகியவற்றில் ஒன்று. 55 மடங்கு தீவிபத்து என்று இதைத் திரித்துச் சொல்வதுண்டு. கணக்கெடுத்தது இணைப்பின் நிலையைத்தான்.

நிரந்தரத் தீர்வு என்று ஆணையம் ஏற்பது மூன்று. ஒன்று, முழு வீட்டுக்கும் செம்பு வயர் மாற்றுவது. இரண்டு, கோபாலம் என்ற கிரிம்ப் முறை: ஒவ்வொரு அலுமினிய முனையிலும் ஒரு சிறு செம்பு வயரைச் சேர்த்து, தனிக் கருவியால் பெரும் அழுத்தம் கொடுத்து இரண்டு உலோகத்தையும் ஒன்றாக்குவது. பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்யலாம். மூன்று, அலுமிகான் என்ற ஸ்குரு கனெக்டர்: அலுமினியத்துக்கு ஒரு துளை, செம்புக்கு ஒரு துளை, இரண்டும் நேரடியாகத் தொடாது; இறுக்கும் விசையை அளந்து கொடுக்கும் டார்க் ஸ்குரூடிரைவரால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். கையால் முறுக்கி மாட்டும் தொப்பி கனெக்டரை, உள்ளே பசை இருந்தாலும், ஆணையம் நிரந்தரத் தீர்வாக ஏற்பதில்லை. இன்னொரு நிபந்தனையும் உண்டு. பிளக் பாயிண்ட், சுவிட்ச், விளக்குப் பெட்டி என எல்லா இணைப்பையும் மாற்ற வேண்டும். சூடான நான்கை மட்டும் சரிசெய்தால் ஐந்தாவது பின்னால் வரும்.

நம் வீடுகளில்

தமிழ்நாட்டிலும் பழைய வீடுகளில் மரச்சட்டத்தின்மேல் கிளிப் அடித்து ஓடும் அலுமினிய வயரை இன்றும் பார்க்கலாம். அந்த நாளில் இரண்டு ஃபேன், நாலு விளக்கு என்று போட்ட வயரில் பின்னால் கீஸரும் ஏ.சி.யும் ஏறியிருக்கும். இடையில் வீட்டைப் புதுப்பித்தவர் பாதி தூரம் செம்பு வயர் இழுத்து, பழைய அலுமினியத்தோடு முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டிருப்பார். ஹாம்ப்டன் பேஸ் இணைப்பைவிட மோசமானது இந்த முறுக்கு. அலுமினியமும் செம்பும் நேரடியாகத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். நம் கடற்கரை ஊர்களில் ஈரத்துக்கும் உப்புக்கும் குறைவில்லை.

வயர் முழுக்கச் செம்பாக இருக்கும் வீட்டில் சிக்கல் பெரும்பாலும் 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் வரும். 2 கிலோவாட் கீஸர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். பிளக்கின் ஒரு ஊசி பழுப்பேறியிருப்பது, சாக்கெட்டின் ஒரு துளை மட்டும் உருகி நீள்வட்டமாகியிருப்பது, போர்டில் மீன் நாற்றம் போன்ற வாடை வருவது எல்லாம் இணைப்பு சூடாவதன் அடையாளம். பிளக் டாப்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய சாக்கெட்டை விட்டுவிட்டால், தளர்ந்த பிடி புது ஊசியையும் கருக்கிவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வெளியே தெரியாத லூஸ் இணைப்பைக் கண்டுபிடிக்க ஒரு அளவு முறை இருக்கிறது. உயிருள்ள லைனில் செய்வதால் லைசன்ஸ் உள்ள வயர்மேன் மட்டுமே செய்ய வேண்டும். சந்தேகப்படும் பாயிண்டில் 2 கிலோவாட் ஹீட்டரைப் போட்டு, லோடு ஓடும்போதே டி.பி.யிலும் பாயிண்டிலும் ஒரே நேரத்தில் இரண்டு மீட்டரால் வோல்டேஜ் பார்க்க வேண்டும். ஒரே மீட்டரை மாற்றி மாற்றி வைத்தால் சப்ளை ஏற்ற இறக்கம் கணக்கைக் கெடுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை மீட்டருக்கு 7.4 மில்லி ஓம். 15 மீட்டர் தூரத்துக்குப் போக வர 30 மீட்டர், மொத்தம் 0.22 ஓம். 8.7 ஆம்பியரில் இறக்கம் 1.9 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டர்கள் 6 வோல்ட் வித்தியாசம் காட்டினால், மிச்சம் 4 வோல்ட் ஏதோ இணைப்பில் போகிறது. 4-ஐ 8.7-ஆல் பெருக்கினால் 35 வாட். 1977 ஆய்வகத்தில் அளந்த அதே அளவு. அந்த லைனில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்காமல் மறுபடி சப்ளை கொடுக்கக் கூடாது. அலுமினிய வயர் என்றால் மீட்டருக்கு 7.4-க்குப் பதில் ஏறக்குறைய 12 மில்லி ஓம் என்று வைத்துக் கணக்கிட வேண்டும்.

230 வோல்ட் நாடுகளில் கிடைக்கும் ஆர்க் ஃபால்ட் கருவிக்கு ஏ.எஃப்.டி.டி. என்று பெயர், தரநிலை ஐ.இ.சி. 62606, முதல் பதிப்பு 2013. அமெரிக்கக் கருவியைவிடக் கீழே, 2.5 ஆம்பியரிலிருந்தே தொடர் ஆர்க்கைப் பிடிக்க வேண்டும். 2.5 ஆம்பியர் ஆர்க்குக்கு 1 நொடிக்குள், 5 ஆம்பியருக்கு அரை நொடிக்குள், 10 ஆம்பியருக்கு கால் நொடிக்குள், 16 ஆம்பியருக்கு 0.15 நொடிக்குள் துண்டிக்க வேண்டும். இணை ஆர்க்குக்கு நேரத்தோடு அரைச் சுற்றுகளையும் எண்ணுவார்கள்: அரை நொடிக்குள் 75 ஆம்பியரில் 12 அரைச் சுற்று, 150-லும் அதற்கு மேலும் 8. பிரிட்டன் 2022-ல் தன் வயரிங் விதியின் இரண்டாம் திருத்தத்தில், 18 மீட்டருக்கு மேல் உயரமான அல்லது ஆறு மாடிக்கு மேற்பட்ட குடியிருப்புகள், பலர் பகிர்ந்து வாழும் வீடுகள், இதற்கெனக் கட்டிய மாணவர் விடுதிகள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள் ஆகியவற்றில் 32 ஆம்பியர் வரையிலான சிங்கிள் ஃபேஸ் பிளக் பாயிண்ட் சர்க்யூட்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. மற்ற வீடுகளுக்குப் பரிந்துரை மட்டும். லண்டனில் வீட்டை அறை அறையாக வாடகைக்கு விடும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே மாட்ட நினைப்பவருக்கு எங்கள் யோசனை, எல்லாச் சர்க்யூட்டுக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டாம் என்பதே. விலை எம்.சி.பி.யைப் போலப் பல மடங்கு. முதலில் படுக்கையறை பிளக் பாயிண்ட் சர்க்யூட், அடுத்து கூரைக்கு மேல் அல்லது மரத்தின்மேல் வயர் ஓடும் பழைய பகுதி, பிறகு வயதானவர்கள் தூங்கும் அறையின் ஏ.சி. சர்க்யூட். இவை மூன்றுக்குப் பிறகு மற்றவை.

ஏ.எஃப்.டி.டி. தன் சர்க்யூட்டின் தொடக்கத்தில், டி.பி.யிலேயே இருக்க வேண்டும். பாயிண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் இடையில் ஓடும் வயரில் வரும் இணை ஆர்க்குக்குக் காவல் இல்லை. எம்.சி.பி.யும், ஆர்.சி.சி.பி. போலக் கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.டி.யும் சேர்ந்த மாடல் கிடைத்தால் அதுவே நல்லது. கரி வழிக் கசிவை ஆர்.சி.டி. பகுதி முன்னதாகவே பிடித்துவிடும் என்பது மேலே சொன்ன காரணம். வாங்கும்போது டெர்மினல் அலுமினியத்தை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். செம்புக்கு மட்டும் என்று இருந்தால் பழைய அலுமினிய முனையை நேரே சொருகக் கூடாது. இரண்டு உலோகத்துக்கும் ஏற்ற கனெக்டர் வழியாகச் சிறு செம்பு வயரை வால் போலக் கொடுத்து மாட்ட வேண்டும்.

மாட்டுவதற்கு முன் மெயினை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, அந்தச் சர்க்யூட்டின் வயரை இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் சோதிக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, இரண்டுக்கும் எர்த்துக்கும் நடுவே, குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். புது வயர் என்றால் இதைப் போலப் பல மடங்கு காட்டும். 2, 3 மெகா ஓம் காட்டும் பழைய வயர் தேறினாலும் நோயாளிதான். இந்தச் சோதனையை ஏ.எஃப்.டி.டி. இணைப்பில் இருக்கும்போது செய்தால் உள்ளே இருக்கும் மின்னணு போய்விடும். அடுத்து, அந்தச் சர்க்யூட்டின் நியூட்ரலைத் தேடிப் பிரிக்க வேண்டும். நம் டி.பி.களில் எல்லா நியூட்ரலும் ஒரே கட்டையில் கும்பலாக இருக்கும். சில வீடுகளில் ஒரு அறையின் விளக்கு பக்கத்து அறையின் நியூட்ரலில் திரும்பும். ஆர்.சி.டி. சேர்ந்த மாடலில் இப்படிக் கடன் வாங்கிய நியூட்ரல் இருந்தால் சுவிட்ச் போட்ட கணமே விழும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் உள்ளே போய் இரண்டும் வெளியே வர வேண்டும். ஸ்குருவைக் கருவியின்மேல் அச்சிட்டிருக்கும் அளவுக்கு டார்க் ஸ்குரூடிரைவரால் இறுக்க வேண்டும். ஆர்க்கைப் பிடிக்கும் கருவியின் டெர்மினலிலேயே லூஸ் கான்டாக்ட் விடுவது நடக்கக் கூடாத காரியம், ஆனால் நடக்கிறது.

மாட்டிய பின் அடிக்கடி விழுந்தால், கருவியைக் கழற்றிப் பழைய எம்.சி.பி.யைப் போடச் சொல்லும் குரல் வீட்டிலேயே எழும். அதற்கு முன் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ரீசெட் செய்து பார்க்க வேண்டும். நின்றால், பொருள்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எந்தப் பொருளில் விழுகிறதோ அதை வேறொரு ஏ.எஃப்.டி.டி. சர்க்யூட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயும் விழுந்தால் அந்தப் பொருளின் வயரிலோ பிளக்கிலோ கோளாறு. கார்பன் பிரஷ் தேய்ந்த பழைய மிக்ஸி, மலிவான டிம்மர் போன்றவை நல்ல நிலையிலேயே சில மாடல்களைக் குழப்புவதும் உண்டு. புது இடத்தில் விழவில்லை என்றால் குற்றம் பொருளில் இல்லை; முதல் சர்க்யூட்டின் சாக்கெட்டைத் திறக்க வேண்டும். எதையும் போடாதபோதே விழுந்தால் வயரில் இணை ஆர்க்கோ கசிவோ இருக்கிறது, மறுபடி மெக்கர். ஏ.சி. கம்ப்ரஸர் ஓடும்போது மட்டும் விழுந்தால், லோடு ஏறும்போது பிரியும் லூஸ் இணைப்பு என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அவுட்டோர் யூனிட்டின் டெர்மினல் கட்டையும் ஸ்டெபிலைஸரின் பின்பக்கமும் முதலில் திறக்க வேண்டிய இடங்கள். பல மாடல்களில் முகப்பு விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதைக் கொண்டு கடைசியாக விழுந்தது தொடர் ஆர்க்காலா, இணை ஆர்க்காலா, ஓவர் வோல்டேஜாலா என்று தெரிந்துகொள்ளலாம். அந்த அட்டவணையை டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டி வைப்பது நல்லது. நியூட்ரல் போய் வோல்டேஜ் 270-ஐத் தாண்டும் ஊர்களில் இந்தக் கடைசிச் சிமிட்டல் அடிக்கடி வரும். அப்போது பார்க்க வேண்டியது கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் லைன் நியூட்ரலை.

டெஸ்ட் பட்டன் இருக்கும் மாடலில் மாதம் ஒரு முறை அழுத்த வேண்டும். தானே சோதித்துக்கொள்ளும் மாடலில் விளக்கின் நிறத்தைப் பார்த்தால் போதும். கீஸர், ஏ.சி. பாயிண்ட்களில் வருஷம் ஒரு முறை, லோடு அரை மணி ஓடிய பின், போர்டின் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் பக்கத்துப் போர்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிவக்கும் இணைப்பை ஏ.எஃப்.டி.டி. பார்க்காத காலத்தில் பார்க்கக்கூடியது இந்தச் சோதனைதான்.